தாவலுக்கு எத்தனை பெயர்?

1967-இல் ஹரியானா எம்.எல்.ஏ. கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலி அப்போது பிறந்ததுதான். 1985-இல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்த ஆட்டத்துக்குக் கடிவாளம் போட்டது. நாம் கட்சித் தாவல் என்பதை இந்தியச் சட்ட உலகம் ஆங்கிலத்தில் 'டிஃபெக்‌ஷன்' என்கிறது. இதை ஆராய வரும் மாணவர் ஜேஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டினால், சோவியத்திலிருந்து தப்பி வந்த உளவாளிகளும் படையோடு எதிரணிக்குப் போன தளபதிகளும்கூட வரிசையில் வந்து நிற்பார்கள். தேடுபொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்ட சொல்லைத்தான் அது கொடுத்திருக்கிறது.

குப்பை வருவதைவிடப் பெரிய நஷ்டம், வராமல் போவது. பிரிட்டிஷ் மரபு நாடுகளில் இதே செயலுக்கு 'ஃப்ளோர் கிராசிங்' என்று பெயர். எதிர்வரிசைக்கு நடந்து போவது. பல நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் 'பார்ட்டி ஸ்விட்சிங்' என்கிறார்கள். நியூசிலாந்தில் அது 'வாக்கா ஜம்பிங்'. வாக்கா என்றால் மாவோரி மொழியில் படகு. (நம் தாவலுக்கு நெருங்கிய உறவு!) அங்கே 2001-இல் வந்த தடைச் சட்டம் 2005-இல் காலாவதியாகி, 2018-இல் திரும்ப வந்தது. தென்னாப்பிரிக்காவோ 2002-இல் தாவலுக்குக் கதவைத் திறந்துவிட்டு 2009-இல் சாத்தியது. தடையால் பலன் உண்டா என்று சோதிக்க இதைவிடத் தோதான இடங்கள் கிடைப்பது அரிது. இந்தியச் சொல்லோடு நின்றவர் கண்ணில் இவை படாமலே போகலாம். அவர் முடிவைப் பாதி எழுதிவிடுவது அவர் தட்டிய சொல்தான்.

பெயர்களைக் கூட்டினால் குப்பையும் கூடாதா? கூடும். அதனால்தான் ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (அல்லது) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் கட்டி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்ற இன்னொரு கட்டோடு 'ஆண்ட்' (மற்றும்) போட்டு இணைக்கிறார்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வைத்தால் அது பிரியாது. பல தளங்களில், வேர்ச்சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி வைத்தால் அதன் வடிவங்களெல்லாம் சிக்கும். ஒரு சொல்லை விலக்கும் 'நாட்' மட்டும் கத்தி மாதிரி. உளவாளிகளை விரட்ட 'நாட் சோவியத்' என்று போட்டால், சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்ய நாடாளுமன்றத்தின் கட்சித் தாவல் பற்றிய கட்டுரையும் சேர்ந்து வெட்டுப்படலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதாதா என்பது இன்றைய கேள்வி. விடுபட்ட பெயர்களை நினைவூட்ட அது நல்ல துணைதான். ஆனால் அது எதை விட்டது, ஏன் விட்டது என்பதற்குக் கணக்குக் கிடையாது. நாளை அதே கேள்விக்கு வேறு பட்டியல் தரலாம். மாறாக, தானே தேடி, எந்தத் தளம், எந்தத் தேதி, எந்தச் சொற்கோவை, எத்தனை முடிவுகள் என்று நோட்டில் குறித்து வைத்தவர், ஆறு மாதம் கழித்து வழிகாட்டி "தென்னாப்பிரிக்காவைப் பார்த்தீங்களா?" என்று கேட்கும்போது பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.