சொரியாசிஸ் உள்ளவர்கள் மூட்டுவலியை அலட்சியம் செய்யலாமா?

சொரியாசிஸைத் தோல் வியாதி என்று மட்டுமே நம்மில் பலர் நினைக்கிறோம். அது தொற்றுநோய் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தடம் மாறி, சொந்த உடலையே தாக்குவதால் வருவது. அந்தத் தாக்குதல் தோலோடு நின்றுவிடுவதில்லை. சொரியாசிஸ் உள்ள 100 பேரில் சுமார் 20 பேருக்கு, சில கணக்குகளின்படி 30 பேர் வரை, மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலும் தோலில் படை வந்து பல வருடங்கள் கழித்து, 30 முதல் 50 வயதுக்குள் இது தலைகாட்டும்.

ஃபஜ்ருக்கு எழும்போது விரல்களும் இடுப்பும் இறுகிப்போயிருக்கும். உளூ செய்யக் குழாயைத் திருகுவதே சிரமமாக இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இந்த இறுக்கம், நடமாட நடமாடக் குறையும். மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: வேலை செய்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும்.

முட்டி வலித்தால் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறோம். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. ஆனால் 35 வயதுக்காரருக்கு நாற்காலி ஏன் தேவைப்பட்டது என்று வீட்டில் யாராவது கேட்க வேண்டாமா?

இங்கிலாந்து மருத்துவர்கள் 2009-ல் ஐந்தே கேள்விகள் கொண்ட எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். எப்போதாவது மூட்டு வீங்கியதுண்டா? மூட்டுவாதம் என்று மருத்துவர் எவரேனும் சொன்னதுண்டா? நகங்களில் குண்டூசியால் குத்தியது போன்ற குழிகள் உண்டா? குதிகால் வலித்ததுண்டா? காரணமே இல்லாமல் ஒரு விரல் முழுவதும் வீங்கி வலித்ததுண்டா? மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். (பெண்கள் நகத்தில் மருதாணி இல்லாத நாளில் பார்த்துக்கொள்வது நல்லது.)

ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் இந்நோயில் பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும், ஈ.எஸ்.ஆர். கூட சரியாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். எனவே தோலில் படை இருப்பதை மருத்துவரிடம் சொல்வதுதான் முக்கியத் துப்பு. அதைத்தான் நாம் மறைக்கிறோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரியக் கூடாது என்று, எலும்பு டாக்டரிடம்கூட முட்டியை மட்டும் காட்டிவிட்டு வருகிறோம். முக்காட்டுக்குள் தலையில் இருக்கும் படையை அவர் எப்படி அறிவார்? தலையில் படை இருப்பவர்களுக்கும் நகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மூட்டு நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. அறிகுறி தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்து நிபுணரிடம் வந்தவர்களிடம் எலும்பு அரிப்பும் அன்றாடச் செயல்பாட்டில் குறைபாடும் கூடுதலாக இருந்தன. அரித்த எலும்பை மருந்தால் பழையபடி ஆக்குவது அரிது. மேலும் அரிக்காமல் தடுக்க மாத்திரைகளும் ஊசிகளும் இருக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. போகும்போது தோலுக்குப் பார்த்த பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.