வைரஸுக்கு வால் ஏன்?

தானாக நகரவும் உண்ணவும் சக்தியற்ற ஒரு வைரஸுக்கு வால் எதற்கு என்ற கேள்வி, நம் குடலில் வாசம் செய்யும் ஈ.கோலி பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் உருவத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட எவருக்கும் இயல்பாக எழும். 20 முகங்களை உடைய அதன் நீண்ட சிரசுக்குள், அச்சிரசின் நீளத்தைப்போல் 400 மடங்குக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. இழை நெருக்கித் திணிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தும் மார்க்கமே வால்.

அவ்வாலின் அமைப்பில்தான் அதிசயம் இருக்கிறது. உள்ளே உறுதியான குழல். அதைச் சூழ்ந்து, நாணேற்றிய வில்லைப்போல் விசையை அடக்கி நீண்டிருக்கும் புரத உறை. அடியிலுள்ள ஆறு நீண்ட இழைகள் பாக்டீரியாவின் மேற்பரப்பில் தமக்கு இசைந்த மூலக்கூறுகளைத் தொட்டுப் பற்றியதும், அறுகோணமாக இருந்த அடித்தட்டு நட்சத்திர வடிவமாக விரிய, உறை தன் நீளத்தில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கி, சுருங்காத உட்குழலைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வினூடே செலுத்துகிறது. வைரஸ் உருவாகும்போதே அதற்கான சக்தி உறையில் சேமிக்கப்பட்டுவிடுகிறது என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும் விஷயம்.

டி.என்.ஏ. உள்ளே செல்ல, வெற்றுக் கூடு வெளியே தங்கிவிடுகிறது. 1952இல் ஆல்ஃப்ரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும், டி4இன் நெருங்கிய உறவான டி2இன் கூடுகளைச் சமையலறை மிக்ஸியைச் சுழற்றிப் பிரித்தெடுத்து, பரம்பரைச் செய்தி புரதத்தில் அன்று, டி.என்.ஏ.விலேயே இருப்பதற்குச் சான்று கண்டது இதனாலேதான்.