துப்பாக்கிக்கு ஒரு பை!

தேனாம்பேட்டையில் எங்கள் தெருமுனையில் சில மாதங்களுக்கு முன் ஒரு வேடிக்கை நடந்தது. என் நாத்தனார் பெண் தோளில் நீளமான உறை ஒன்றை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தாள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாமி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்புராவா, குழந்தே? யாரிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறாய்?" என்று வாஞ்சையோடு விசாரித்தாள்.

"பாட்டு இல்லை மாமி, துப்பாக்கி!" என்றாள் இவள்.

மாமி இரண்டடி பின்வாங்கினாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது.

மாமியைச் சொல்லிக் குற்றமில்லை. துப்பாக்கி என்றால் போலீஸும் திருடனும்தானே நம் நினைவுக்கு வருகிறார்கள்? ஆனால் வாசகிகளே, இன்று எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தைகள் பரதநாட்டியத்துக்குப் போவதுபோல் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் வெண்கலப் பதக்கம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது நம் சென்னையில்தான். டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகக் காற்றுத் துப்பாக்கி ஏந்திய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த பெண். வேளச்சேரி குரு நானக் கல்லூரியில் ஒரு சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் 'கேலோ இந்தியா' இளைஞர் போட்டிகள் நம் ஊரில் நடந்தபோது துப்பாக்கிப் போட்டி அங்கேதான் நடந்தது.

பெண்களுக்கு இது புதிதும் அல்ல. 1968-லேயே பிக்கானீர் ராஜ்யஸ்ரீ குமாரி துப்பாக்கி சுடுவதற்காக அர்ஜுனா விருது பெற்றார். 1976-ல் மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் மர்டாக், ஆண்களோடு ஒரே வரிசையில் நின்று சுட்டு, முதல்வராக வந்தவருக்குச் சமமான புள்ளிகள் எடுத்தார். விதியின்படி வெள்ளிதான் கிடைத்தது. தங்கம் வாங்கிய லானி பாஷம் என்பவர், தேசிய கீதம் ஒலித்தபோது அந்த அம்மாளையும் கைதூக்கித் தம் மேடையில் நிறுத்திக்கொண்டாராம்.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது பதக்கத்தைப் பற்றியல்ல, பையைப் பற்றி. "இதென்ன பிரமாதம், ஒரு பைக்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்கள் பெண்ணின் முதல் போட்டி வரையில்.

அன்று அவள் துப்பாக்கியைக் கொண்டுபோனது எதில் என்று நினைக்கிறீர்கள்? தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த இரண்டு துணிப் பைகளை எதிரும் புதிருமாகக் கவிழ்த்து, நடுவில் ஒரு புடவைக் கிழிசலால் கட்டிய மூட்டையில். வெளிநாட்டுப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு, "துப்பாக்கி வாங்கியதற்கே மூச்சு முட்டுகிறது, பெட்டி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ஆட்டோ புறப்பட்டது. நம் ஊர் ரஸ்தாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது மூட்டை 'ணங்' என்று கம்பியில் மோதியது. அவ்வளவுதான்.

அந்த 'ணங்'கின் பலன் என்ன தெரியுமா? பத்து மீட்டர் ரைபிள் போட்டியில் நடுப்புள்ளி, அதாவது பத்துக்குப் பத்து கொடுக்கும் புள்ளி, அரை மில்லி மீட்டர் அகலந்தான். உப்புமாவுக்கு வறுக்கிறோமே, அந்த ரவையில் ஒரு மணி இருக்கும். அதை நம் கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரையிலான தூரத்தில், ஏறக்குறைய முப்பத்து மூன்று அடியில் நின்று சுட வேண்டும். துப்பாக்கியின் பின்புறத்தில் குறி பார்க்கும் கருவி ஒன்று உண்டு. 'ஸைட்' என்கிறார்கள். மயிரிழை மயிரிழையாகத் திருகிச் சரிசெய்யும் சாதனம் அது. அடி பட்டதில் அது நகர்ந்துவிட்டது. போட்டிக்கு முன்னால் ஒத்திகை பார்க்கப் பதினைந்து நிமிஷம் கொடுப்பார்கள். குண்டுகள் ஏன் இடப்புறமே விழுகின்றன என்று குழந்தை கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பதினைந்து நிமிஷமும் போய்விட்டது. பிறகு ஒன்றேகால் மணி நேரத்தில் அறுபது குண்டுகள். முதல் பத்துக் குண்டுகளில் இழந்ததை மற்ற ஐம்பதில் அவளால் மீட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது. மூட்டையை மூலையில் வைத்துவிட்டு, "மாமி, அடுத்த மாசத்திலிருந்து நான் போகவில்லை" என்றாள். அவள் அப்பாவோ, "போகாவிட்டால் துப்பாக்கியை விற்றுவிடலாம்" என்று டெலிபோனில் சொன்னார்.

அப்போதுதான் என் மாமியார் வாயைத் திறந்தார். "குறி தவறினது குழந்தையா, பையா? பையை முதலில் பார்ப்போம்" என்றார். எழுபத்தாறு வயதுக்கு அவருடைய தையல் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வீட்டில் இருப்பதையெல்லாம் அளந்து பார்த்தோம். ரைபிள் கிட்டத்தட்ட நூற்றுப்பத்து சென்டி மீட்டர் நீளம். கிரிக்கெட் மட்டைப் பை குட்டை. யோகாசனப் பாய் உறை மிகவும் ஒடுக்கம். பழைய தம்புரா உறை நீளத்துக்குச் சரியாக இருந்தது. துப்பாக்கியின் அடிப்பாகம் குடத்தின் இடத்தில் சொகுசாக உட்கார்ந்துகொண்டது! ஆனால் உறைக்குள் திண்டு கிடையாது. தூசிக்குத்தான் காவல், இடிக்குக் காவல் இல்லை. உங்கள் வீட்டில் பெரிய கீபோர்டு வாத்தியத்தின் உறை சும்மா கிடந்தால் உங்களுக்கு யோகந்தான். அதில் ஏற்கனவே திண்டு வைத்துத் தைத்திருப்பார்கள், முதுகில் மாட்ட இரண்டு பட்டையும் இருக்கும். அளந்து மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரைபிளைக் குறுக்காகத் திணிக்கிற அளவு சிறிதாயிருந்தால் வேண்டாம்.

எங்களுக்கு அந்த யோகம் இல்லாததால் தம்புரா உறையையே மாமியார் சீர்திருத்தினார். உள்ளே பழைய ஜமக்காளத்தை இரண்டாக மடித்து ஒரு சுற்று. அதற்கும் உள்ளே, மெத்தை தைக்கிறவரிடம் மிச்சமாகிக் கிடந்த ஸ்பாஞ்சு. துப்பாக்கியின் வாய் முட்டுகிற முனையிலும் அடிக்கட்டை தங்குகிற முனையிலும் தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி வைத்தார். "செருப்பையா வைப்பது?" என்று நான் முகம் சுளித்தேன். "பள்ளத்தில் இறங்கும்போது காலுக்கு எது வேண்டுமோ அதுதான் துப்பாக்கிக்கும் வேண்டும்" என்று பதில் வந்தது.

வெளிப்புறத்துக்குக் கெட்டி ரெக்ஸின். இங்கே ஒரு எச்சரிக்கை. ரவிக்கை தைக்கிற மிஷினில் இதைத் தைக்க முயலாதீர்கள். எங்களுக்கு மூன்று ஊசி முறிந்தது. ஆட்டோவுக்கும் காருக்கும் ஸீட் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் இந்த வேலைக்கு ஆள் அகப்படாமல் போகாது. தோள்பட்டை வாரைப் பையின் ஓரத்தில் மட்டும் வைத்துத் தைத்தால் இரண்டு மாசத்தில் பிய்ந்துவிடும். ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம் என்பது சட்டம், மற்ற சாமான்கள் வேறு. ஆகவே நாடாவைப் பையின் அடியோடு சுற்றிக் கொண்டுவந்து தைக்கச் சொல்லுங்கள். பாரம் நாடாவில் தொங்க வேண்டும், தையலில் அல்ல.

அந்த 'ஸைட்' கருவியைக் கழற்றித் தனியாக எடுத்துப்போவதே உத்தமம். அதற்கு என் கல்யாணத்து வளையல் பெட்டி போயிற்று. பஞ்சு வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். வெல்வெட்டுத் துண்டு நல்லது. எந்த இடத்தில் மாட்டியிருந்தது என்று துப்பாக்கியில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டுவது சுலபம்.

பிஸ்டல் சுடுகிற குழந்தையானால் கவலை குறைவு. காற்றுப் பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 42 சென்டி மீட்டர் நீளம், 20 உயரம், 5 கனமுள்ள பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. பழைய பிடில் பெட்டியில் தாராளமாக அடங்கும். ஸ்பாஞ்சில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து வெட்டிப் பதித்தால் போதும். ஆனால் பிடில் பெட்டியைத் திறந்து பார்த்த காவலர் உள்ளே பிஸ்டலைக் கண்டால் என்ன நினைப்பார்? பரிசோதனை உள்ள இடங்களில், பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நாமே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் தேனாம்பேட்டைக்கு 2018-லேயே மெட்ரோ ரயில் வந்துவிட்டாலும், இந்தச் சாமானோடு அதில் ஏற நான் அனுப்புவதில்லை. ஆட்டோதான்.

4.5 மில்லி மீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடுமா? வாங்கிய ரசீது, கிளப் அட்டை, அடையாள அட்டை மூன்றின் நகலையும் பையின் உள்பையில் வைத்து ஜிப் போடுங்கள். ஜிப்பின் இரண்டு நாக்கையும் சேர்த்து ஒரு சின்னத் திண்டுக்கல் பூட்டு. சாவி அம்மாவிடம். பக்கத்து வீட்டுப் பையன் "அக்கா, காட்டேன்!" என்று கெஞ்சுவான். காட்டலாம், பெரியவர்கள் எதிரில். துப்பாக்கிக் குழலுக்குள் நீளமான ஆரஞ்சு நிற நாடா ஒன்றைச் செருகி வைப்பார்கள். உள்ளே குண்டு இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. சுடுதளத்தில் அது இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது; நம் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

காற்று அடைத்த சிறு சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் பயமாகவே இருங்கள். அதில் 200 பார் அழுத்தம். அது எவ்வளவு என்றால், கார் டயரில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. அக்கினி நட்சத்திர வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டால், முப்பது டிகிரி அறுபது ஆகும்போது அழுத்தம் இன்னும் பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும். துண்டில் சுற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதன்மேல் தேதி பொறித்திருக்கும். பத்து வருஷத்துக்கு மேற்பட்டதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

இனி நமக்கு மிகவும் முக்கியமான சங்கதி: சாப்பாடு. துப்பாக்கி ரவை ஈயத்தால் ஆனது. ஐந்நூறு ரவை கொண்ட தகர டப்பாவை டிபன் டப்பாவோடு ஒரே பையில் போட்டு அனுப்பும் தாய்மார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயிர்சாதமும் ஈயமும் ஒரே பையிலா! டிபனுக்குத் தனிப் பை, தனி நிறம். ஈயப் பொடி பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஆகவே சோப்புத் துண்டு ஒன்றும் பையில் போக வேண்டும். ரவைகளை எடை பார்த்துப் பிரித்து வைக்க எங்கள் பெண் என்னுடைய பழைய அஞ்சறைப் பெட்டியைக் கேட்டாள். கொடுத்தேன், இனி அது சமையலறைக்குத் திரும்பாது என்ற நிபந்தனையோடு. கடுகு இருந்த கிண்ணத்தில் இப்போது ஈய ரவை!

சட்டை ஒன்று பாக்கி. கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த கனமான கோட்டு. பலகைபோல் விறைப்பாக இருக்கும். மடித்தால் மடிப்பு விழுந்து கெட்டுவிடும். பட்டுப்புடவை மாட்டுகிற நீளமான துணி உறையில் ஹாங்கரோடு தொங்கவிட்டு எடுத்துப்போகிறாள். பிளாஸ்டிக் உறை உதவாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் நாற்றம் எடுக்கும். அதே புழுக்கம் இரும்புக்கும் எமன். பையின் ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துப்பாக்கியில் துருவை ஏற்றிவிடும். மாத்திரை பாட்டில்களிலும் புது ஷூ பெட்டிகளிலும் வருகிற 'ஸிலிகா ஜெல்' பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் சேர்த்து உள்ளே போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து, பூட்டிய அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள்.

எல்லாம் முடிந்து பை வந்து சேர்ந்தபோது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கோணல். அடிப்பாகத்தில் தம்புராக் குடத்தின் வயிறு இன்னும் லேசாகத் தெரிகிறது. "கல்யாண வீட்டுக்குப் போகும் பக்கவாத்தியம் மாதிரி இருக்கிறது" என்று என் கணவர் கேலி செய்தார். பெண் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை உள்ளே வைத்து, மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே பையைக் கதவில் ஒரு இடி இடித்தாள். நானும் மாமியாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுநாள் சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்து அட்டையை நீட்டினாள். நடுவில் ஒரே ஓட்டை, சற்றுப் பெரிய ஓட்டை.

"இன்னொரு பை தைத்துக் கொடு, பாட்டி" என்றாள். சுடுதளத்தில் கூட நிற்கும் பெண்ணுக்காம். அவள் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வருகிறாளாம். மாமியார் இப்போது வீடு வீடாகப் பழைய ஜமக்காளம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெருமுனையில் பயந்துபோன அந்த மாமிதான் முதலில் ஒன்று கொடுத்தனுப்பினாள்.