கடிய அம்பா? கனத்த அம்பா?

“இலேசான அம்பு விரைந்து செல்லும், விரைந்து செல்லும் அம்பே வேட்டைக்குச் சிறந்ததன்றோ, ஐயா?” என மாணவன் ஒருவன் அண்மையில் வகுப்பில் எம்மை வினவினான். கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று. வட அமெரிக்காவிலே வில்லேந்தி மான் வேட்டைக்குச் செல்வோரிடையே இன்றும் ஓயாத வழக்கு இது.

அந்நாட்டில் வில்வேட்டை மறுமலர்ச்சியுற்ற வரலாறு உருக்கமானது. தம் இனத்தார் அனைவரையும் இழந்த யாஹிப் பழங்குடியினர் ஒருவர், 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரருகே தனியராய் வெளிப்பட்டார். அவரை இஷி என அழைத்தனர். அவருக்கு மருத்துவராயிருந்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தை பயின்றார். 1916இல் இஷி மறைந்தார். 1923இல் போப் வில்வேட்டை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அந்நூலைப் படித்துப் பலர் வில்லைக் கையிலெடுத்தனர்.

அம்பு, துப்பாக்கிக் குண்டு போன்று அதிர்ச்சியாற் கொல்வதன்று. குருதியை வடியச் செய்தே கொல்வது. ஆகவே, நுரையீரலையோ இருதயத்தையோ ஊடுருவாத அம்பு விலங்கை விரைவிற் கொல்லாது, நெடுநேரம் வதைக்கும். அம்பின் நிறை பற்றிய வாதத்தின் உயிர்நிலை இதுவே.

அம்பை நிறுக்க அவர்கள் கொள்ளும் அலகு ‘கிறேயின்’. தானிய மணி என்பது அச்சொல்லின் பொருள். நம் பொற்கொல்லர் குன்றிமணியிட்டுப் பொன் நிறுத்தமை போன்றதே இதுவும். 7,000 கிறேயின் கொண்டது ஓர் இறாத்தல்.

ஒரே வில்லிலிருந்து 400 கிறேயின் அம்பொன்றையும் 600 கிறேயின் அம்பொன்றையும் எய்வதாகக் கொள்வோம். வில் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே சக்தியையே வழங்கும். முன்னது செக்கனுக்கு 280 அடி செல்லுமாயின், பின்னது 230 அடியளவே செல்லும். 120 அடி தூரத்தைக் கடப்பதற்குள் இலேசான அம்பு ஏறத்தாழ 3 அடியும், கனத்த அம்பு ஏறத்தாழ 4½ அடியும் தாழ்ந்துவிடும். எனவே, மான் நிற்கும் தூரத்தைப் பிழையாக மதித்தவனுக்கு இலேசான அம்பு ஓரளவு கைகொடுக்கும்.

ஆயினும், நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம், கனத்த அம்பில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிகுதி. விலா எலும்பிற் பட்டாலும் அது எளிதில் நின்றுவிடாது.

இன்னுமொன்று. ஒலி செக்கனுக்கு 1,100 அடிக்கு மேற் செல்வது. அம்பு எத்துணை விரைந்து சென்றாலும், நாணொலி அதனை முந்தி மானின் செவியை எட்டும். வெருண்ட மான் அக்கணமே உடலைத் தாழ்த்தும், குறி தவறும். இலேசான அம்பு ஏற்காத சக்தி வில்லிலே தங்கி, அதிர்வாகவும் ஒலியாகவும் வெளிப்படும். மிக இலேசாயின் வில்லே முறியவுங்கூடும். ஆதலின், கப்பிகள் பூட்டிய இக்கால வில்லுக்கு, நாணை இழுக்கும் விசையின் இறாத்தல் ஒன்றுக்கு 5 கிறேயினிற் குறைந்த அம்பைத் தொடுத்தலாகாது என்பர். மரவில்லினர் 8 முதல் 10 கிறேயின் வரை கொள்வது வழக்கம். அதன்படி 50 இறாத்தல் வில்லுக்கு 400 முதல் 500 கிறேயின் அம்பு பொருந்தும்.

நிறை மட்டும் போதாது. தண்டின் விறைப்பு வில்லுக்கு இசையாவிடின், அம்பு நெளிந்து சென்று வலுவிழக்கும். முனை மழுங்கியிருப்பின் நிறையாலும் பயனில்லை.

மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுதான்: தூரத்தில் நின்றே எய்ய விரும்புபவன் வேகத்தை நாடுகிறான், பொறுமையுடன் அருகே செல்ல வல்லவனுக்குக் கனத்த அம்பே துணை. வேட்டையை விரும்பாத நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. தன் வெற்றியை மட்டுமன்றி, எய்யப்படும் உயிரின் வேதனையையும் எண்ணியே வில்லாளன் அம்பைத் தெரிதல் வேண்டும். குறி உறுதிப்படாதபோது நாணைத் தளர்த்தி, எய்யாது திரும்புதலும் வில்லாண்மையேயாம்.