உடன்பிறப்பின் கொடை

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத ஒரு குடும்பத்தை அண்மையில் சந்தித்தேன். குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் வெங்காயம் செய்து வாழ்கிறார்கள். தாயார் கேட்டார்: “சுவாமி, மூத்தவனுக்குச் சுகம் வர இளையவன்ர எலும்புக்குள்ள இருந்து எடுக்க வேணுமாம். இவனும் படுத்திட்டால் தோட்டத்தை ஆர் பார்க்கிறது?”

நியாயமான கேள்வி. இதே பயம் பல குடும்பங்களிலும் இருப்பதால் இங்கே விளக்குகிறேன்.

மூத்தவருக்கு வந்திருப்பது லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நெறிக்கட்டி போல வீங்கும், பெரும்பாலும் நோகாது. இது தொற்றுநோயன்று. முதற் சிகிச்சையிலேயே பலர் சுகமடைகின்றனர். சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. அப்போது கடுமையான மருந்துகளைக் கொடுத்து, நோயாளியிடம் முன்னரே எடுத்து வைத்த மூலக்கலங்களை அவருக்கே திருப்பி ஏற்றுவதுண்டு. அதன் பின்னரும் நோய் தலைகாட்டினால், வேறொருவரின் மூலக்கலங்களைப் பற்றி வைத்தியர்கள் யோசிப்பார்கள்.

மூலக்கலம் என்றால் என்ன?

எலும்பினுள் இருக்கும் மச்சையில், குருதிக் கலங்கள் அனைத்தையும் பிறப்பிக்கும் தாய்க் கலங்களே இவை. கோரை மண்டிய வயலுக்குக் கடும் மருந்து அடித்தால் நெல்லும் சேர்ந்து கருகும்; பிறகு விதைநெல் வேண்டும். அதுபோலவே மருந்தினால் நோயாளியின் மச்சை அழிய, கொடையாளியின் மூலக்கலங்கள் குருதி ஏற்றுவது போல ஏற்றப்படுகின்றன. இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை புதுக் குருதியை உண்டாக்கத் தொடங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. கொடையாளியின் கலங்கள், ஒளிந்திருக்கும் புற்றுநோய்க் கலங்களையும் அந்நியமாகக் கண்டு தாக்குகின்றன.

ஆனால் அதே கலங்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். கிருமித் தொற்றும் எளிதில் வரும். சிகிச்சையாலேயே இறப்பவர்களும் உண்டு. இதை மறைக்காமல் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும்.

கொடுப்பவருக்கு என்ன நேரும்?

நான்கைந்து நாட்கள் ஊசி போடுவார்கள். பின்னர் ஒரு கையிலிருந்து குருதி எடுத்து, இயந்திரத்தில் மூலக்கலங்களைப் பிரித்து, மீதியை மறு கையால் திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேர வேலை. எலும்பு நோவும் களைப்பும் சில நாட்கள் இருக்கலாம். சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுப்பதுமுண்டு. எப்படி எடுத்தாலும் கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். எவரும் ஊனமடைவதற்காகக் கொடுப்பதில்லை.

குருதி வகை ஒத்திருக்க வேண்டியதில்லை. திசுப் பொருத்தமே முக்கியம். ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே வவுனியாவிலோ கனடாவிலோ சிதறியிருக்கும் சகோதரர்களின் விலாசங்களைக் கைவசம் வைத்திருங்கள். அரைவாசி பொருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும் கூட இன்று கொடுக்க முடிகிறது.

அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் 1957இல் இம்முறையை மனிதரில் பரீட்சித்தார். 1990இல் நோபல் பரிசு பெற்றார். லண்டனில் ஷேர்லி நோலன் என்ற தாய், குருதி நோயுற்ற மகன் அன்ரனிக்காக 1974இல் கொடையாளர் பதிவேடொன்றைத் தொடங்கினார். பொருத்தமானவர் கிடைக்காமல் 1979இல் மகன் இறந்தான். பதிவேடு நிற்கவில்லை. இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கு மேற்பட்டோர் உள்ளனர்.

கொடை என்பது மனமுவந்து கொடுப்பது. எவரையும் நெருக்க வேண்டாம். கேட்டறிந்து தீர்மானிக்க உதவுவோம். சிகிச்சை முடிந்தவருக்கு மீண்டும் கட்டி தோன்றினால் நாட்கடத்தாமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம்.

இளையவர் பரிசோதனைக்குக் குருதி கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். அவர் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால், முறை வைத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற அயலவர் நால்வர் முன்வந்திருக்கிறார்கள். தாயாரின் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.