பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்!

என் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போனவள். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முறுக்கை ஒரு கடி கடித்தவள், "அம்மா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விசாரித்தால், ஆறு மாதமாகச் சொத்தைப் பல்லாம்! கைப்பையில் கிராம்பு டப்பா ஒன்று, வலி மாத்திரை அட்டை ஒன்று.

"டாக்டர்கிட்ட போகலையாடி?" என்றேன்.

"எப்படிப் போறது சித்தி? எக்ஸ்ரே எடுப்பாங்க, மரத்துப்போக ஊசி போடுவாங்க. இந்த மாசம் தங்கியிருந்தா என்ன ஆகறது? எங்க மாமியாரும் வேண்டாம்னுட்டாங்க."

மாதா மாதம் நாள் எண்ணிக்கொண்டிருப்பவளின் பயம் அது. அவளைத் திட்ட மனசு வரவில்லை. அடுத்த வாரமே பல் டாக்டரம்மாவிடம் நானே அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் மாத்திரை அட்டையைத்தான் வாங்கிப் பார்த்தார். டைக்ளோஃபெனாக். "வாரத்துக்கு எத்தனை சாப்பிடறீங்க?" என்றார். வலி வந்தால் ஒன்று, சில நாள் இரண்டு என்றாள் இவள். இந்த வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்குக் கருமுட்டை வெடித்து வெளியே வருவதே தடைப்படலாமாம்! நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கரு தங்க வேண்டும் என்றுதான் டாக்டரிடம் போகாமல் இருந்தாள். அதற்குக் குறுக்கே நிற்கக் கூடியதை ஆறு மாதமாகத் தானே வாங்கி விழுங்கியிருக்கிறாள். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

எக்ஸ்ரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் உடம்பில் படும் கதிர், சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் நம்மேல் படுகிற அளவுக்குள் அடங்கிவிடும். படம் பிடிப்பதும் வாய்ப் பக்கம்தான், வயிற்றுப் பக்கம் இல்லை. ஈயக் கவசம்கூட அவசியமில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டால் போட்டுவிடுவார்கள், மனசுக்கு ஒரு தைரியம். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியைக் கர்ப்பிணிகளுக்கே போடுகிறார்கள்.

அப்படியும் மனசு கேட்கவில்லையா? மாதவிலக்கு வந்த கையோடு போய்விடுங்கள். அந்த நாட்களில் 'தங்கியிருக்குமோ' என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. வெட்கப்படாமல், "குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் மருந்துச் சீட்டே எழுதினார். டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் வகை மருந்துகள் கர்ப்பத்தில் ஆகாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் பல்லிலேயே கறை படிந்துவிடும். வீக்கத்துக்கு என்று மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி விழுங்குகிறோமே, அதில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறோம்?

சொத்தை அடைக்கும்போதும் ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளி நிறத்தில் அடைக்கும் கலவையில் பாதிக்குப் பாதி பாதரசம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் கூடியவரை அதைத் தவிர்க்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் அறிவித்தது. பல் நிறத்திலேயே அடைக்கச் சொல்லலாம். அதற்காக, எப்போதோ அடைத்து நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பெயர்த்து எடுக்கச் சொல்லாதீர்கள். பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்புமாம்.

சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால்? கர்ப்பமானதும் ஹார்மோன் மாறுவதால் ஈறு வீங்கி, பல் தேய்த்தாலே ரத்தம் வருவது பலருக்கும் உண்டு. மசக்கை வாந்தியின் புளிப்பு வேறு பல்லை அரிக்கும். எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தபோது பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டும், வலிக்கிற பல்லோடு அது வந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பேனோ! அப்போதும் வைத்தியம் செய்யலாம், நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சௌகரியம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது.

ஈறு நோய் உள்ள பெண்களுக்குக் கரு தங்கச் சராசரியாக இரண்டு மாதம் கூடுதலாக ஆனதாக ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு 2011-ல் சொன்னது. ஈறுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பல்லைச் சுத்தம் செய்துகொள்வதில் நஷ்டம் என்ன?

அக்கா மகளுக்கு மூன்று தடவையில் வேர் சிகிச்சை முடிந்து தொப்பியும் போட்டாகிவிட்டது. விசேஷம் இன்னும் இல்லை. போன வாரம் வந்தவள் முறுக்கை அந்தப் பக்கமே வைத்துக் கடித்தாள். கைப்பையில் மாத்திரை அட்டையைக் காணோம்.