இளையோரிடம் காணப்படும் மிகக்குறை கொலஸ்டிரால்: காரணங்களைப் பிரித்தறிதல்

ஆய்வுச் சுருக்கம்

குருதியில் கொலஸ்டிரால் மிகுவதன் தீமை பரவலாக அறியப்பட்டுள்ளது. அது இயல்புக்கு மீறிக் குறைவதன் பொருள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இளம் வயதினரிடம் காணப்படும் இக்குறைவு மரபுவழி வந்ததா, நோயால் நேர்ந்ததா என்பதைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கொலஸ்டிரால், எல்.டி.எல்., தைராய்டு மிகைச்சுரப்பு, மரபணு மாற்றம், கொழுப்புக் கல்லீரல்.

முன்னுரை

ஆய்வகங்கள் தரும் குருதிப் பரிசோதனை அறிக்கைகள் பெரும்பாலானவற்றில் மொத்தக் கொலஸ்டிராலுக்கு எதிரே ‘200-க்குக் கீழ்’ என்ற மேல்வரம்பு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். கீழ்வரம்பு இராது. எனவே 210 என்ற எண் தடித்த எழுத்தில் எச்சரிக்கப்பட, 95 என்ற எண் எக்குறியும் இன்றிக் கடந்துபோகிறது. இருபத்தைந்து வயதுடைய ஒருவர் அதனைக் கண்டு மகிழவும் கூடும். அம்மகிழ்ச்சிக்குச் சிலரிடம் முழு நியாயம் உண்டு. சிலரிடம் அதே எண் வெளித்தெரியாத ஒரு நோயின் முதல் அடையாளமாகும். எண்ணை மட்டும் வைத்து இவ்விருவரையும் வேறுபடுத்த இயலாது என்பதே இங்குள்ள சிக்கல்.

தமிழில் ‘கொழுப்பு’ என்னும் ஒரே சொல் உண்ணும் கொழுப்பையும் உடற்பருமனையும் கொலஸ்டிராலையும் (பேச்சு வழக்கில் திமிரையும்) குறிப்பதால், மெலிந்தவருக்குக் கொலஸ்டிரால் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இக்கட்டுரையில் கொலஸ்டிரால் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

வரையறையும் அளவீடும்

டெசிலிட்டருக்கு மொத்தக் கொலஸ்டிரால் 120 மில்லிகிராமுக்கும், எல்.டி.எல். 50 மில்லிகிராமுக்கும் குறைவாக இருப்பதை மிகக்குறை நிலை என மருத்துவ நூல்கள் வரையறுக்கின்றன. எல்.டி.எல். அளவு பல ஆய்வகங்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். அளவையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெறப்படுகிறது. 1972இல் ஃபிரீட்வால்டு குழுவினர் வகுத்த இக்கணக்கு, எல்.டி.எல். மிகக் குறைவாக உள்ளபோதும் டிரைகிளிசரைடு மிகுந்துள்ளபோதும் பிழைபடும். ஆகவே காரணம் தேடுமுன் பரிசோதனையை மீண்டும் செய்வதும், இயலுமாயின் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதும் தேவை. காய்ச்சல், அறுவை மருத்துவம், விபத்து ஆகியவற்றை ஒட்டி எடுத்த குருதியும் தவறான தோற்றம் தரும். கடும் அழற்சியின்போது கொலஸ்டிரால் தற்காலிகமாகத் தாழ்ந்து, உடல் தேறிய பின் பழைய நிலைக்கு மீள்கிறது.

நோயால் நேரும் குறைவு

இளையோரிடம் முதலில் ஐயுற வேண்டியது தைராய்டு மிகைச்சுரப்பு. தைராய்டு இயக்குநீர் கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளைப் பெருக்குகிறது; அவை குருதியிலுள்ள எல்.டி.எல். துகள்களை விரைந்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. படபடப்பு, கைநடுக்கம், நன்கு உண்டும் எடை குறைதல் ஆகியவை உடன் இருந்தால் ஐயம் வலுப்பெறும். இதனை உறுதிசெய்ய எளிய குருதிப் பரிசோதனை போதும் என்பதால், அரிய மரபு நோய்களை எண்ணுமுன் இதனை விலக்கிவிடுவதே முறை.

சிறுகுடல் உணவுச் சத்துகளை உறிஞ்ச இயலாத நிலை மற்றொரு காரணம். கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடற்சுவர் சிதையும் சீலியாக் நோய் இதற்கு எடுத்துக்காட்டு. வயிற்றுப்போக்கு இல்லாமல் தீராத இரும்புச்சத்துக் குறைவாக மட்டுமே அது வெளிப்படுவதும் உண்டு. காசநோய் போன்ற நாள்பட்ட தொற்றுகளும், கல்லீரல் நோய்களும் கொலஸ்டிராலைத் தாழ்த்துகின்றன. தலசீமியாவில் எலும்பு மச்சை இடையறாது புதிய உயிரணுக்களை உருவாக்க முயல்வதால் அவற்றின் சவ்வுக்குக் கொலஸ்டிரால் மிகுதியாகச் செலவாகிறது. இரத்தப் புற்றுநோயில் புற்றணுக்களே எல்.டி.எல்.லை விழுங்குகின்றன, சிகிச்சையால் நோய் தணிந்ததும் அளவு உயர்வது இதனை உறுதிப்படுத்துகிறது.

உணவுக் குறைவு இங்குப் பலரும் முதலில் கூறும் விடை. அது அத்துணை நேரானதன்று. புரதக் குறைவால் வரும் குவாஷியோர்கரில் கொலஸ்டிரால் தாழ்கிறது. ஆனால் எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் உணவை மறுக்கும் அனோரெக்சியா நெர்வோசா என்னும் உளநோயில், உடல் எலும்பும் தோலுமாகிய நிலையிலும் கொலஸ்டிரால் பெரும்பாலும் உயர்ந்தே காணப்படுகிறது. உடலிலுள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று, உடலே ஆக்கிக்கொள்வது என்பதை நினைவிற்கொண்டால் மெலிவையும் கொலஸ்டிரால் குறைவையும் ஒன்றாகக் கருத இடமிராது.

மரபுவழிக் குறைவு

2005இல் டாலஸ் நகரில் ஜோனதன் கோகன், ஹெலன் ஹாப்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு இத்துறையின் போக்கை மாற்றியது. பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதம் எல்.டி.எல். ஏற்பிகளை அழிவுக்கு இட்டுச்செல்வது. அதற்குரிய மரபணு செயலிழந்தவர்களிடம் ஏற்பிகள் நீடித்து நிற்பதால் எல்.டி.எல். பிறப்பு முதலே தாழ்ந்திருக்கிறது. 2006இல் வெளியான தொடராய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவருள் 2.6 விழுக்காட்டினர் இத்தகைய மாற்றம் உடையோராக இருந்தனர். அவர்களின் எல்.டி.எல். சராசரியாக 28 விழுக்காடு குறைந்திருக்க, 15 ஆண்டுகளில் இதயத் தமனி நோய் வாய்ப்போ 88 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய குறைவு இவ்வளவு பெரிய பயன் தருவதற்கு அது வாழ்நாள் முழுதும் நீடிப்பதே காரணம் எனக் கொள்ளப்படுகிறது. இம்மரபணுவின் இரு படிகளும் பழுதுற்ற 32 வயதுப் பெண் ஒருவரின் எல்.டி.எல். வெறும் 14 ஆக இருந்தும் அவர் நலமாகவே இருந்தார். இப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

மூளையின் கொலஸ்டிரால் தேவை என்னாகும் என்ற வினா இங்கு எழும். குருதியின் எல்.டி.எல். மூளைத் தடுப்பைக் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

இந்நற்பேற்றுக்கு எதிர்முனையில் இருப்பது அபீட்டாலிப்போபுரத நோய். 1950இல் பாசன், கோர்ன்சுவைக் ஆகியோர் 18 வயதுப் பெண் ஒருவரிடம் முள்முள்ளான சிவப்பணுக்களையும் விழித்திரைச் சிதைவையும் நரம்புத் தளர்ச்சியையும் ஒருசேரக் கண்டு இதனை விவரித்தனர். குடலிலும் கல்லீரலிலும் கொழுப்பைப் புரதத்துடன் பிணைக்கும் கடத்துபுரதம் இவர்களிடம் செயற்படுவதில்லை. அதனால் எல்.டி.எல். குருதியில் ஏறத்தாழ இல்லாமற்போகிறது. கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகளும் உடலில் சேர்வதில்லை. பார்வையையும் நரம்புகளையும் கெடுப்பது கொலஸ்டிரால் குறைவைவிட உயிர்ச்சத்து ‘ஈ’ இன்மையே. அதனை மிகுந்த அளவில் இளமையிலேயே தொடங்கினால் சிதைவைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலும். நரம்பு சிதைந்த பின் மீட்பது கடினம். ‘குறைவு நல்லது’ என்று அறிக்கையை மூடிவைப்பதன் விலை இங்கேதான் புலப்படுகிறது.

பிரித்தறியும் வழி

இரு வினாக்கள் பெரும்பணியைச் செய்துவிடும். முதலாவது, பழைய அறிக்கை உண்டா என்பது. ஐந்தாண்டுக்கு முன் 170 ஆக இருந்து இன்று 95 ஆனால் நோயைத் தேட வேண்டும். அன்றும் இன்றும் 95 என்றால் மரபை நோக்கித் திரும்பலாம். இரண்டாவது, பெற்றோரின் அளவு என்ன என்பது. அபீட்டாலிப்போபுரத நோய் ஒடுங்குபண்பாகக் கடத்தப்படுவதால் பெற்றோர் இருவரின் அளவும் இயல்பாகவே இருக்கும். அபோ-பி புரதத்தின் மரபணு மாற்றத்தால் வரும் குடும்பவழிக் குறைவில் தாய், தந்தை இருவருள் ஒருவரேனும் குறைந்த அளவு உடையவராக இருப்பர்.

இந்தக் குடும்பவழிக் குறைவில் ஒரு படி மட்டும் பழுதுற்றோர் பெரும்பாலும் எத்தொல்லையும் அறியார். ஆயினும் துண்டுபட்ட அபோ-பி புரதத்தால் கல்லீரல் தன் கொழுப்பை வெளியேற்ற இயலாது தேக்கிக்கொள்கிறது. குருதியில் கொலஸ்டிரால் குறைவாக உள்ள இவர்களிடமே கொழுப்புக் கல்லீரல் மிகுதியாகக் காணப்படுவதால், கல்லீரல் நொதிகளையும் மீயொலிப் படத்தையும் குறித்த கால இடைவெளியில் பார்த்துவருவது தேவையாகிறது.